ஒன்பதாம் நம்பர்க் கதிரை

முதலில் கதிரையில் இருக்கக்கூடாது.
இருந்தால் பிடித்துவிடும்.
பிடித்தால் விலை பேச வாய் வராது.
கவிழ்த்துப் போடச் சொன்னேன்.

மாங்குளம் சந்தியிலிருந்து ஒட்டுசுட்டான் வீதி,
டயர்க் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டில்.
பதினொரு மணி வெயில்.
கடைப் பெடியன் அதை ஒரு கன்றுக்குட்டியைப் போல மல்லாத்தி
நாலு காலையும் மேலே காட்டினான்.

"ஒறிஜினல், மிஸ்.
முத்தையன்கட்டு விடுதிச் சாமான்,"
என்றார் குணபாலசிங்கம், இருந்த இடத்திலிருந்தே.

ஒறிஜினல் என்று சொல்லாத வியாபாரியை
நான் இன்னும் சந்திக்கவில்லை.

அறுபத்துமூன்றில்
ஒஸ்வல்ட் ஆண்ட்ரி என்றொரு பறங்கியர்,
நீர்ப்பாசன எஞ்சினியர்மார் சாய்ந்திருந்து
குளம் பார்க்கவென்று கீறிய கதிரை.
செய்தது பன்னிரண்டு.
கொழும்பில் விற்றுத் தீர்ந்தது மட்டும்
என் கணக்கில் நாற்பதுக்கு மேல்.

ஆகவே டோர்ச்.
திருகாணித் தலையில் ஒற்றைக் கோடு.
சிலுவைக் கோடாக இருந்திருந்தால்
தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பியிருப்பேன்.
நகத்தால் சுரண்டினேன்,
பொலிஷுக்குக் கீழே முதிரையின் மஞ்சள்.
பின்காலின் சாய்வு பதினொரு பாகை.
கள்ளக் கதிரை செய்கிறவர்கள் எல்லாருக்கும் பிழைக்கும் இடம் அதுதான்.
அவர்கள் படத்தைப் பார்த்துச் செய்கிறார்கள்,
படத்தில் யாரும் சாய்வதில்லை.

பிரம்பு பிறகு பின்னியது. பரவாயில்லை,
அறுபது வருசமாய் அதே பிரம்பு என்றால்தான்
யோசிக்கவேண்டும்.
வலது கைப்பிடி நுனி இடதைவிட மழுங்கியிருந்தது.
எழும்பும்போதெல்லாம் ஆரோ அதையே ஊன்றியிருக்கிறார்.
குறுக்குச் சட்டத்தில்
கறையான் மண்ணைத் துடைத்தேன்.
சூட்டுக்கோலால் வைத்த எண், ஒன்பது.

முகத்தைச் சும்மா வைத்திருப்பது
இந்தத் தொழிலில் பாதி.

"இதையும் பாருங்கோ," என்றார்
நான் கேட்காமலே.
முதுகுப் பலகையில் ஒரு துளை.
"ஷெல் பீஸ். இரண்டாயிரத்தெட்டு.
அதாலதான் விலை கொஞ்சம் கூட."

சுண்டுவிரலை விட்டேன்.
உள்ளே வழுவழுப்பு.
போன வாயும் வந்த வாயும் ஒரே அளவு.
விளிம்பில் கருக்கல்,
நுளம்புத்திரியால் சுற்றிச் சுட்டது போல ஒழுங்காய்.

இரும்பு அப்படி வராது.
சின்னதாய்ப் பூந்து
போகும்போது கதவோடு பிடுங்கிக்கொண்டு போகும்.
இதற்கு நான் புத்தகம் ஒன்றும் படிக்கவில்லை.
விசுவமடுவில் எங்களிடம் ஓர் அலுமாரி இருந்தது.
அதற்குப் பின்னால் நாங்கள் இருந்தோம்.

"எட்டு மில்லிமீற்றர் பிட்," என்றேன்.

பெடியன் வெளியே போய்விட்டான்.
தகரம் சுட்டு நெளிந்து ஒருமுறை டக்கென்றது.

"வாறவை கேக்கினம், மிஸ்.
சாமான் வடிவாக் கிடந்தா
உண்மையா வன்னியில இருந்ததோ எண்டு கேக்கினம்.
இதைக் காட்டினா நம்புவினம்,"
வலது முழங்காலுக்குக் கீழே தட்டினார்,
பிளாஸ்ரிக் சத்தம்,
"இதை விக்கேலாதே."

அவர்தான் முதலில் சிரித்தார்.

துளைக்காக இருபதாயிரம் குறைத்தேன்.
மரம் உண்மை, கீறல் உண்மை, எண் உண்மை,
காயம் மட்டும் போலி என்று
படிவத்தில் எழுத வேண்டியவள்
'போலி'க்கு வந்து பேனையை நிறுத்தி,
'பிற்காலத் துளை, ஒன்று' என்று எழுதினேன்.
காரணம் எழுத அந்தப் படிவத்தில் பெட்டி இல்லை.

காசு எண்ணி முடிந்த பிறகுதான் இருந்து பார்த்தேன்.
பதினொரு பாகை.
எதிரே குளம் இல்லை,
அடுக்கடுக்காய் லொறி டயர்கள்.
துளைக்குள்ளால் முதுகுக்குக் கொஞ்சம் காற்று வந்தது.
வான்காரன் இரண்டு முறை ஹோர்ன் அடித்தான்.
மூன்றாவதற்கும்
நான் எழும்பவில்லை.