மீதிக் கால் மணி

ஒன்பது எழுத்து.
முதலெழுத்து டபிள்யூ. வேலைக்கென்று கேட்டால்
அதில்தான் தொடங்குமாம்.
மற்ற எட்டும் யாரோ சோழி உருட்டிப் போட்டவை.
ஆயுள் தொண்ணூறு நாள்.
பால் பாக்கெட்டைவிட அதிகம்,
என் வாடகை முன்பணத்தைவிடக் கொஞ்சம் குறைவு.

ஸ்வான்சீயில் மழை நேராகப் பெய்வதில்லை,
கடலிலிருந்து படுக்கைவாட்டில் வருகிறது.
பேக்கரியின் பின்வாசலில் தொப்பியைக் கழற்றி உதறினேன்.
க்ளெனிஸ் என் தலையைப் பார்த்தாள்,
திரையைப் பார்த்தாள்,
மறுபடி தலையை.

திரையில் இருந்தவள்
லாகோஸில் ஒரு வெள்ளைச் சுவர் முன்னால் நிற்கிறாள்,
அக்கா இரண்டு நாள் உட்கார்ந்து பின்னிய
நாற்பத்திரண்டு சடைகளோடு.

"இது நீதானா?"

கேள்வியில் கெடுதல் இல்லை.
கேட்காமல் விட்டால் அபராதம் அவளுக்குத்தான்.
ஆனால் என்ன சொல்ல,
ஜனவரியில் அப்பா போனார்,
விமான டிக்கெட்டின் விலை ஒரு தவணைக் கல்லூரிக் கட்டணம்,
யெனகோவாவில் அவரைக் குழிக்குள் இறக்கிய நேரம்
இங்கே குளியலறையில்
பக்கத்து அறை மங்கோலியப் பெண் ஸோல்ஸயா
முதலில் கத்தரியும் பிறகு ரேசரும் பிடித்தாள் என்றா?
எங்கள் வீட்டு வழக்கம்கூட இல்லை அது.
கை சும்மா இருக்க மறுத்தது, அவ்வளவுதான்.
இதற்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

"நான்தான்," என்றேன்.
சாட்சிக்குக் காதோரத் தழும்பைக் காட்டினேன்.
படத்தில் அந்தக் காது
சடைக்குள் ஒளிந்திருந்தது.

க்ளெனிஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.
"கொஞ்சம் சிரிக்காமல் இரு."
அது எளிதாக இருந்தது.
"ம். மூக்கு நீதான்."

பிரின்ட். தேதி. கையெழுத்து.
பருவம் தொடங்கும் நாள், முடியும் நாள்,
பல்கலைக்கழகக் கடிதத்தில் விரல் வைத்துப் படித்தாள்.
எங்களுக்குக் கோடையும் பருவம்தான்,
ஆய்வேடு எழுதுகிற கோடை.
வாரத்துக்கு இருபது மணி நேரம்.
வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு.
"இருபது என்றால் இருபது" என்றாள்,
மாவு மூட்டையை எடை போடுகிறவளின் குரலில்.
"எபியேரே. சரியாகச் சொன்னேனா?"
கிட்டத்தட்ட.

அன்றிலிருந்து குளிர்பெட்டிக் கதவில் கணக்கெழுதுகிறேன்.
திங்கள் நாலு. புதன் ஐந்தரை.
வெள்ளி ஐந்து. சனி ஐந்தேகால்.
செவ்வாயும் வியாழனும் வகுப்பில்
கடற்கரை வருஷத்துக்கு எத்தனை சென்டிமீட்டர்
கரைகிறதென்று அளக்கிறோம்.
அங்கே தவறலாம்.
கூட்டல் கழித்தல் ஐந்து சதவீதம் பேராசிரியரே கொடுக்கிறார்.

ஞாயிறு மாலை க்ளெனிஸின் ஃபோன்.
டாரனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது,
தட்டுகள் மலைபோல் கிடக்கின்றன,
"உனக்கு எவ்வளவு மிச்சம்?"
"கால் மணி."
ஓவன் விசிறியின் இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம்.
ஒரு மணி நேரம் யாருக்குத் தெரியப் போகிறது
என்று அவள் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.
இருவரும் அதை நினைத்தது மட்டும் கேட்டது.
"கால் மணியில் பன்கூட வேகாதே, பெண்ணே,"
என்று வைத்துவிட்டாள்.

அடுத்த வாரத்துக்கு எடுத்து வைக்க முடியாது அதை.
ஸோல்ஸயாவுக்குக் கைமாற்றாகத் தரவும் முடியாது.
அவளுக்கு இந்த வாரம் வேலையே இல்லை,
இருபதும் அப்படியே கெட்டுப்போகிறது.

பதினொன்றே முக்காலுக்குச் சமையலறை மேஜையில் உட்கார்ந்தேன்.
இந்நாடு எனக்கென்று அளந்து கொடுத்த
கடைசிக் கால் மணி.
அப்பாவுக்காக அழுதுவிடலாம் என்று எண்ணம்.
தலையைத் தடவினேன்,
ஒரு விரற்கடை வளர்ந்திருந்தது.
அழுகை வரவில்லை, பசிதான் வந்தது.
சனிக்கிழமை ரொட்டியின் காய்ந்த முனையைக்
கடித்துக்கொண்டிருந்தபோது
குளிர்பெட்டி உறுமி அடங்கியது.

பன்னிரண்டு.
துணியை நனைத்துக் கதவைத் துடைத்தேன்.