முப்பது செக்கன்

பத்தாம் திகதி. பென்சன் எடுக்க வந்த சனம்
களுவாஞ்சிகுடித் தபாற்கந்தோருக்குப் பக்கத்து மண்டபத்தில்
எங்கள் மேசைக்கும் ஒரு வரிசை பிடித்தது,
இதுவும் அதுதான் என்று நினைத்து.
நாங்கள் திருத்தவில்லை.

ஒரு பெருவிரல் இந்தத் தகட்டில், மற்றது அந்தத் தகட்டில்.
முப்பது செக்கன் கதைக்கக் கூடாது.
அது ஒன்றுதான் ஆருக்கும் முடியவில்லை.
தங்கப்பிள்ளை கடைசி மகனின் காணி வழக்கைச் சொன்னா;
கோடு குழம்பியது, திருப்பி எடுத்தோம்.
செதிள் காய்ந்த ஒரு கையை
விரலென்றே ஏற்கவில்லை கருவி.
நுஸ்கியா ஈரத்துணியால் துடைத்துவிட்டாள்.

முப்பத்தேழாவது, பூபாலபிள்ளை.
பஸ் டிப்போவில் நேரக்கணிப்பாளர், முப்பத்தொரு வருடம்.
கைக்கடிகாரத்தைக் கழற்றி
எனக்கு நேர் தெரிய மேசையில் வைத்தார்.
"தொடங்கு புள்ள."

ஒரு முனை.
நெடுநேரம் வெறுங்கோடு.
பிறகு இரண்டு, ஒட்டிக்கொண்டு.
ஒவ்வொரு முனைக்கும் முன்னே வரவேண்டிய சின்ன மேடு
எங்குமே இல்லை. அந்த இடத்தில்
வாவியில் சோளகம் பட்டதுபோல் ஒரு நடுக்கம்.

மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன்.
கருவி பொய் சொல்லவில்லை.
"படபடப்பு, களைப்பு ஏதும்?"
"ஒண்டுமில்ல."

கோட்டைக் கேட்டு வாங்கிக்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.
"ஒண்டும் வராது, மறுகா ரெண்டு சேந்து வரும்.
கல்முனை றோட்டுக்கு இத எத்தின தரம் எழுதியிரிக்கன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
"தொண்ணூறில கனநாள் ஒரு பஸ்சும் இல்ல, புள்ள.
அப்பவும் போய்க் குந்தியிருந்து
வரவில்லை, வரவில்லை எண்டு
கொப்பி முழுக்க எழுதின நான்."

மேலறையில் தேங்கும் இரத்தம்,
கட்டி, அது தலைக்கு ஏறினால் பாரிசவாதம்,
உறையாமலிருக்க ஒரு குளிசை, அதற்கு முன்
பெரிய மெசினில் இன்னொருக்கா...
பயிற்சியில் பாடமாக்கிய வசனங்கள்
வாய்க்குள் நீண்டுகொண்டே போயின.
அவர் இடையில் ஒன்றும் கேட்கவில்லை.

கடிதத்தில் பெயர், வயது எழுதினேன்.
"நேரம் போடல்லியே," என்று
என் பேனையை வாங்கி ஓரத்தில் போட்டார்:
10.42.

"செவ்வாய் காலமை மட்டக்களப்புக்கு
ஆறு பத்து பஸ்ஸில போங்க ஐயா."

"அது பிந்தும்," என்றார்
கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே.
"நான் அஞ்சே முக்காலுக்குப் போய் நிப்பன்."

அடுத்த ஆள் இரண்டு பெருவிரலையும்
ஏற்கெனவே வைத்திருந்தார்.
"இஞ்சயா காசு தாற?"