நாலு வரி விதி

தேவகோட்டை வட்டு: பத்திரம், வரி ரசீது, படம்.
ஈப்போவில் உமையாளின் கணினி: பத்திரம் மட்டும்;
கல்யாண வீடியோவுக்கு இடமில்லையாம்.
என் மடிக்கணினி: வேறு இரண்டு இடத்தில்
பிரதி இருந்தால் விட்டுவிடு.

பதினாறு பங்கு வீட்டுக்குச்
சாவி யாரிடம் என்பது
இன்னும் கோர்ட்டில் கிடக்கிறது.
கோப்புகளுக்கு ராத்திரியோடு தீர்ந்தது.

ஓட்டிப் பார்த்தேன். ஒன்று மிஞ்சியது,
பதினோரு விநாடி ஒலி:
பாகம் பிரித்த அன்று சோலையப்பன்
"சரி, நீங்களே வச்சுக்கங்க" என்றது,
பிறகு நாற்காலி இழுபடும் சத்தம்.

எந்த விதியும் அதைக் கேட்கவில்லை.
அழிக்கச் சொன்னேன்.
திரை மறுத்தது:
இன்னொரு பிரதி எங்கும் இல்லை.

விதியைத் திருத்தாமல் மூடினேன்.
வேண்டாததாகவே இருக்கிறது,
என்னிடம்.