மூட்டில் வெட்டாதே

சனிக்கிழமை வகுப்பு.
கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட, சீமெந்துக் கடைக்கு மேல்மாடி.
கீழே கம்பி அறுக்கும் சத்தத்துக்குள்
கோடு, வடிவம், நிறம், இழை, வெளி என்று
கொப்பியில் எழுதிக்கொண்டே வந்தேன்.
வடிவம் என்பதில் ஓர் எழுத்து விடுபட்டு
வடிவு என்று கிடந்தது.
திருத்தவில்லை.
ஒன்றை உற்றுப் பார்க்கச் சொல்வதென்றால்
வடிவாப் பார் என்றுதானே நாங்கள் சொல்வோம்.

மூன்று பேருக்கு ஒரு கெமரா.
சஜீபனுக்குப் பகல், கீர்த்திகாவுக்குப் பின்னேரம்,
எனக்குக் கிடைத்தது காலமை ஏழிலிருந்து ஒன்பதரை.
ஒரே முகம், பன்னிரண்டு படம்,
அதில் ஒன்றைக் கொடுக்க வேண்டும்.

ஆரைக் கேட்டாலும் தலை சீவப் போய்விடுகிறார்கள்.
பவுடர் பூசி, மூச்சை அடக்கி
அடையாள அட்டைக்கு நிற்பதுபோல நிற்கிறார்கள்.
குறை சொல்ல ஏலாது.
இரண்டு காதும் தெரிய வேண்டும் என்ற
ஒரே விதியோடு வளர்ந்த முகங்கள் எங்களுடையவை.

மதனரூபி அக்கா மட்டும் எழும்பவில்லை.
மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு உறை தைக்கிற கடை.
"நான் தைக்கிறன், நீ எடு" என்றா.

கிழக்குப் பார்த்த வாசல்.
முகத்தில் பாதி வெயில்,
மற்றப் பாதி பின்னால் தொங்கிய றெக்சினோடு கறுத்துப் போனது.
மீன் பெட்டியின் றெஜிபோம் மூடி ஒன்றைக் கழுவிக் கொண்டுபோயிருந்தேன்.
அதை இடப்பக்கம் சாய்த்து வைத்ததும்
இருட்டுக்குள்ளிருந்து கன்னம் மெல்ல வெளியே வந்தது.
"உன்ர வெளிச்சம் சூடை வெடுக்கடிக்குது" என்றா.

ஏழாவது படத்துக்குப் பின்னால் தள்ளிப் போனேன்.
அப்போதுதான் கால் சட்டத்துக்குள் வந்தது,
மெசினோடு சாய்ந்து, தனியே,
செருப்புப் போட்டபடி.

கொப்பியில் இரண்டு கோடு கீறி வைத்திருந்த வரி:
மூட்டில் வெட்டாதே.
முழங்காலில், மணிக்கட்டில், கணுக்காலில்
சட்டத்தின் விளிம்பு விழக்கூடாது.
விழுந்தால்
அதற்குக் கீழே ஒன்றும் இல்லாததுபோல் தெரியும்.

"என்னடி யோசிக்கிறாய்?"
விதியைச் சொன்னேன்.
சொல்லி முடிய முன்னம் நாக்கைக் கடித்தேன்.
அவ நூலைப் பல்லால் அறுத்துவிட்டு
"நல்ல விதிதான்.
ஷெல்லுக்கு ஒருத்தரும் படிப்பிக்கேல்லை" என்றா.

கெமராவில் ஒரு நன்மை இருக்கிறது, குறிப்பில் இல்லாதது:
எடுப்பவளின் முகத்தை அது மறைத்துக்கொள்ளும்.
அதன் பின்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.

பன்னிரண்டாவது படம் நான் எடுத்ததென்று சொல்ல மாட்டேன்.
காசு தராத ஆரோ போனில்.
தோளுக்கும் காதுக்கும் நடுவே போன்,
உயர்ந்த கையில் கத்தரிக்கோல்,
அதன் நுனியிலிருந்து வாசல்வரை ஒரே கோடு.
உள்ளே எல்லாம் இருந்தது,
அவ, மெசின், கோபம், மூலையில் அந்தக் கால்.
பெருப்பித்துப் பார்த்தால்
கண்மணிக்குள் வெள்ளையாய் ஒரு வாசல்,
வாசலில் முழங்கை இரண்டையும் விரித்துக்கொண்டு
நண்டுபோல நான்.

அதைத்தான் கொடுத்தேன்.
இருபதுக்குப் பதின்நாலு.
பின்னணி நெரிசல் என்று சிவப்பில் எழுதியிருந்தது.

படத்தைக் கழுவி எடுத்துக் கொண்டுபோனேன்.
அக்கா வடிவாப் பார்த்தா.
அவவின் விரல் முகத்தைத் தாண்டியது.
காலடிக்கு வரும் என்று காத்திருந்தேன்,
அதையும் தாண்டி
வலப்பக்க விளிம்பில், கடைப் பலகையில் போய் நின்றது.

"விசரி,
போன் நம்பரில கடைசி ரெண்டையும் வெட்டிப்போட்டியே!
இதைக் கொழுவினால்
எனக்கு ஆர் கோல் எடுப்பினம்?"

ஞாயிறு ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறா.
பலகை முழுக்க விழ வேண்டுமாம்.
மூடியைச் சவுக்காரம் போட்டுக் கழுவ வேண்டுமாம்.