தண்டை ஆட்டிப் பார்த்தல்

வஃப்ராவில் ஜூலை.
பாங்கு சொல்லி முடிப்பதற்குள்
பதினொரு வாளிகளில் தண்ணீர் பிடித்துவிட்டோம்.
சூரியன் வர இன்னும் ஒரு மணி நேரம்.
வெயில் எங்கே போனது,
இரவு முழுக்க மணலுக்குள்தானே படுத்திருந்தது,
செருப்பைத் தாண்டித் தெரிகிறது.

நெற்றி விளக்கில் முதலில் தட்டுப்படுவது நிறமல்ல,
சொட்டுக் குழாயின் வாயில் பூத்த உப்பு.
கிணற்றுத் தண்ணீர் கரிக்கும்.
டேங்கர் தண்ணீரைக் கலந்து
மீட்டரில் எண் இறங்கும்வரை காத்திருந்து
அப்புறம்தான் பாத்திக்குத் திறப்போம்.
எங்கள் குடிநீருக்கு மீட்டர் கிடையாது.

லிசியாந்தஸ் மே மாதமே செத்துப்போனது.
முதலாளியின் மகள் கொண்டுவந்த விதை உறையில்
ஏதோ ஓர் ஊரின் பனி படர்ந்த வேலி இருந்தது;
அன்றே ஷம்சுல் சிரித்தான்.
ரோஜா கென்யாவிலிருந்து விமானத்தில் வருகிறது,
அதோடு மல்லுக்கட்ட வேண்டாமென்று விட்டார்கள்.
மிஞ்சியது கோழிக்கொண்டை, வாடாமல்லி, ஜின்னியா.
கோழிக்கொண்டைக்கு வெயில் உறைக்காது.
வாடாமல்லி பேரிலேயே சத்தியம் செய்து கொடுத்திருக்கிறது.
ஜின்னியாதான் நடிக்கும்.

முழுதாய் விரிந்து, நிறமேறி,
இந்தா எடுத்துக்கொள் என்று நிமிர்ந்திருக்கும்.
நம்பி வெட்டி வாளியில் வைத்தால்
சால்மியா போய்ச் சேர்வதற்குள் தலை தொங்கிவிடும்.
போன மாதம், தூசுக்காற்று வருகிறதென்று
கண்ணை மூடிக்கொண்டு வெட்டிய நாளில்
அப்படித்தான் நாற்பது தண்டு திரும்பி வந்தது.
பூக்கடை மேரிசெல் படம் அனுப்பியிருந்தாள்,
கீழே ஒரு வார்த்தையும் இல்லாமல்.
மேஸ்திரி ரிஃபாத் இரண்டு தினார் பிடித்தார்.
ஷம்சுலுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

வெளியே வேலை கூடாத அந்த மத்தியான நேரத்தில்
ஈரத் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
திரும்பி வந்தவற்றை ஒவ்வொன்றாய்த் தடவினேன்.
இதழில் குறையில்லை.
பூவுக்கு ஒரு சாண் கீழே
தண்டு நனைந்த நூல்போல் குழைந்தது.
இதைச் செடியிலேயே கேட்டிருக்கலாமே.

இப்போது கேட்கிறேன்.
ஒரு சாண் கீழே பிடித்து மெல்ல ஆட்டுகிறேன்.
துவண்டு ஆடினால் இன்னும் இரண்டு நாள்.
விறைத்து நின்றால் கத்தரி.
'தினமும் ஆயிரம் பேரோடு கைகுலுக்குகிறான்
மந்திரி' என்கிறான் ஷம்சுல்.

துவண்டது தப்பிக்கிறது,
உறுதியாய் நின்றதற்கு வெட்டு.
இதில் ஒரு நியாயம் தேடி
ஒரு வரிசை முழுக்க நடந்தேன்.
அடுத்த வரிசை காத்துக்கொண்டிருந்தது.

விசா மெடிக்கலில்
என் தோளை அழுத்திப் பார்த்த ஆள் ஞாபகத்துக்கு வந்தார்.
இழு, பிடி, விடு என்றார்.
நான் விறைப்பாய் நின்றேன்.

நாலே முக்காலுக்குக் கிழக்கு வெளுக்கும்போது
கடைசி வாளி குளிர் அறைக்குப் போகிறது.
உள்ளே ஆறு டிகிரி.
வாளி தூக்க இரண்டு பேர் போதும்,
ஐந்து பேர் தூக்கிக்கொண்டு போகிறோம்.
எங்கே எப்படி வைப்பதென்று
உள்ளே நின்று நெடுநேரம் ஆலோசிக்கிறோம்.
ரிஃபாத் கதவருகே கடிகாரத்தைப் பார்க்கிறார்,
பிறகு அவரும் ஒரு யோசனை சொல்ல உள்ளே வருகிறார்.

நேற்றிரவு மேரிசெல் மறுபடி ஒரு படம் அனுப்பினாள்.
ஏதோ பல் மருத்துவமனை வரவேற்பு மேசை,
டோக்கன் இயந்திரம்,
பக்கத்தில் கண்ணாடிக் குவளையில் எங்கள் ஜின்னியா.
'ஒன்பதாம் நாள்' என்று மட்டும் எழுதியிருந்தாள்.
இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி
பூவை விட்டுக் கீழே இறங்கினேன்.
கழுத்து நின்றது.
குவளையில் தண்ணீர் கலங்கியிருந்தது,
ஒருவரும் மாற்றவே இல்லை போல.