செவ்வாய்க்கிழமைக் கதிரை

நாற்பத்தியொரு கதவு செய்திருக்கிறேன்,
வீட்டுத்திட்டத்து யன்னல்கள் தனிக்கணக்கு.
கதவுக்கு உடம்பு தெரியத் தேவையில்லை.
மூலைமட்டம் வைத்தால் சரி,
தொண்ணூறு பாகை,
திறக்கும், பூட்டும், காசு வாங்கலாம்.

கதிரைக்கு ஒருவரும் ஓடர் தருவதில்லை.
முத்தையன்கட்டு இடதுகரை முழுக்க
பிளாஸ்டிக் கதிரைதான்,
முதுகில் ஏதோ நிறுவனத்தின் பெயர்,
ஒரு கால் பிளந்து கம்பி கட்டியது.
நானும் அதில்தான் இருந்து சோறு தின்றேன்
எட்டு வருடம்,
நாரி பிடித்துக்கொண்ட அந்த மாசிவரைக்கும்.

முதலில் செய்தது கதவுமாதிரியே வந்தது.
நிமிர்ந்து, நேராக, ஒரு பிழையும் இல்லாமல்.
இருந்து பார்த்தேன்,
கந்தோரில் பெயர் கூப்பிடும்வரை
காத்திருப்பதுபோல் இருந்தது.
பிரித்து அடுப்புக்குள் வைத்தேன்.

பிறகொரு பின்நேரம்
வாய்க்கால் வெட்டிப்போட்ட ஈரமணலில்
சும்மா சாய்ந்து கிடந்தேன், அரைமணி நேரம்.
எழும்பிப் பார்த்தால்
மணலில் நான் இன்னும் இருந்தேன்.
இரண்டு குழி, ஒன்று கொஞ்சம் ஆழம்,
நாரி வளைகிற இடத்தில் ஒரு திட்டி,
முதுகு எங்கும் நேராக இல்லை.
அடிமட்டத்தைக் குத்திக் குத்தி அளந்தேன்.
துஷ்யந்தியின் மகன் வேலிக்கு மேலால் கேட்டான்,
“அன்ரி, என்ன புதைச்சனீங்கள்?”
என்னத்தைச் சொல்ல.
“ஒண்டுமில்லை, அளக்கிறன்.”

பலகைத் துண்டில் கீறிய கணக்கு:
இருக்கை முன்பக்கம் பதினாறரை அங்குலம்,
பின்னால் ஒன்றரை தாழ்வு,
முதுகுக்குப் பதினாலு பாகை சரிவு.
மூலைமட்டத்தை எடுத்து ஆணியில் கொழுவினேன்.

வேம்பு, வளவிலேயே நின்றது.
ஆலையில் வாள் கிறீச்சென்று கத்தி நின்றபோது
ஒருவரும் பேசவில்லை.
உள்ளே விரல்நகமளவு இரும்பு.
தெய்வேந்திரம் மூன்று பல்லுக்குக் காசு எடுத்தார்,
துண்டை என் கையில் தந்தார்
மிச்சக்காசு தருவதுபோல.

சரிந்த காலுக்குப் பொளி தோண்டுவது
சிரிக்கிற வாய்க்குப் பல் கட்டுகிற வேலை.
இருக்கைக்குப் பலகை வேண்டாம் என்று
சைக்கிள் ரியூப்பைக் கீலம் கீலமாக வெட்டிப் பின்னினேன்.
முதல்முறை தளர்ந்து நிலம் முட்டியது,
இரண்டாம்முறை என்னைத் தூக்கி எறிந்தது.
மூன்றாவதுக்கு ரியூப் போதவில்லை,
தேவமலர் கடையில் கடன்.

கிழமைக்கடன் சேர்க்கிற பெடியன்
மாங்குளத்திலிருந்து வருவான், செவ்வாய்களில்.
ஒருநாளும் இருக்கமாட்டான்.
நின்றபடியே கொப்பி விரிப்பான்,
நின்றால்தான் நாங்கள் பயப்படுவோம் என்று
யாரோ அவனைப் பழக்கியிருக்கிறார்கள்.
எனக்கோ சோதிக்க வேறொரு உடம்பு தேவை.
“தம்பி, ஒருக்கால் இருந்து சொல்லும்,
முழங்காலுக்குக் கீழே வெட்டுதோ?”
கெல்மெட்டோடு இருந்தான்.
பாதம் தேடிய இடத்தில் நிலம் இருந்தது.
கை தானாகப் போய்க் கைப்பிடியில் கிடந்தது.
“வெட்டேல்லை” என்றான்.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

பதினொரு பெண்கள் சுற்றி நின்றோம்,
காசு கொண்டு வந்தவர்களும் வராதவர்களும்.
அவன் நித்திரை.
கொப்பி மடியிலிருந்து நழுவியது,
கோழியொன்று அதில் ஏறி
எங்கள் பெயர்களை ஒற்றைக் கண்ணால் பார்த்தது.
யாழரசி வாயைப் பொத்திச் சிரித்தாள்,
மூன்று கிழமை நிலுவை அவளுக்கு.

முக்கால் மணிநேரம் கழித்து எழும்பினான்,
முகத்தைத் துடைத்தான்,
ஒரு சதமும் விடாமல் வாங்கினான்.
படலையில் மட்டும் திரும்பி,
“அக்கா, அது என்ன விலை?”
“இன்னும் முடியேல்லை.”

பொய்யில்லை.
இடது கைப்பிடி அரைவிரல் உயரம் கூட.
விளக்கு வைத்தபிறகு நானே இருந்து பார்க்கிறேன்,
தோள் மெல்ல மேலே போகிறது.
சீவ வேண்டும்.
சீவுளி கையெட்டுகிற தூரத்தில்தான் கிடக்கிறது.
நாளைக்கு.