மிச்சச் சர்க்கரை

இரவு ஷிப்டில் நானும் அறுபத்திரண்டு டிகிரியும்.
எழுபதைத் தாண்டவிட்டால் மாவு முரண்டு பிடிக்கும்,
உடையாத நீளச் சங்கிலிகளோடு
நாக்கில் கனக்கிற பீராகிவிடும்.
அறுபத்திரண்டில் நிறுத்து, இரண்டு மணி நேரம் கிளறு,
அவசரப்படாதே.
செய்முறைத் தாளில் எனக்குப் பிடித்த வாக்கியம்
அது ஒன்றுதான்.

வெளியே உடுமலைக் காற்றாலைகள்
பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை
அறுத்தபடி நிற்கின்றன.
உள்ளே, தொட்டியில் நான் ஊற்றும் நொதி.
ஒரு குடுவைதான், நீர்மோர் நிறம்.
ஈஸ்ட் தின்ன முடியாமல் ஒதுக்கிவைப்பதை
நுனியிலிருந்து கண்ணி கண்ணியாக நறுக்கித் தரும்.
அப்புறம் ஈஸ்ட்
பந்திக்குக் கடைசியில் வந்த ஒறம்பரை மாதிரி
இலையை வழித்துவிட்டு
அண்டாவை எட்டிப் பார்க்கும்.

எட்டாம் நாள் அடர்த்திமானியை விடுகிறேன்.
முங்குகிறது.
தண்ணீருக்குப் போட்ட கோட்டையும் தாண்டி
பூஜ்யம் புள்ளி ஒன்பது ஒன்பது எட்டு.
ஆழியாற்றுத் தண்ணீரிலேயே
ஆழியாற்றுத் தண்ணீரைவிடச் சன்னமாக ஒன்று.

முதலாளியின் மச்சான் பொங்கியண்ணன்
(பேரிலேயே நுரை)
பல்லடத்தில் கோழிப்பண்ணை,
வெறும் வயிற்றில் இருநூற்றுப் பத்து.
விடியுமுன் லேப் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.
"இதுல சக்கரையே இல்லீங்களாமா?"
"கம்மிங்க."
"அப்ப எத்தன பாட்டல் அடிக்கலாமுங்?"

சொன்னேன்.
சர்க்கரை ஊரைவிட்டு ஓடிப்போகலைங்க,
பேரை மாத்திக்கிட்டு உள்ளேயே இருக்குது.
மாவு சர்க்கரையாச்சு, சர்க்கரை சாராயமாச்சு,
பாதி காத்தாகிக் குழாய்வழி போச்சு.
மீதி உங்க ஈரலுக்கு.

கோழியைக் கையில் தூக்கி எடை பார்ப்பவர்போல
அந்தப் பேச்சைக் கொஞ்ச நேரம்
தூக்கிப் பார்த்தார்.
"மெய்தானுங். தீனியில சோளத்தக் கொறச்சம்னா
புண்ணாக்குல ஏத்திக்குதுங்க எடைய."

லேபிளில் ஒடிசலான இடுப்போடு ஒருவன் ஓடுகிறான்.
அவன் யாரென்று எனக்குத் தெரியாது.
எண்ணுக்குக் கீழே மட்டும் கையெழுத்துப் போட்டேன்.

பொங்கியண்ணன் இன்னும் போகவில்லை.
கதவுப் பிடியில் கை,
கண் முற்றத்தில்
ஆவி பறக்கக் குவிந்துகிடக்கும் பார்லிச் சக்கைமேல்.
"அது டன் என்ன வெலைங்க?"
மாட்டுப் பண்ணைக்கு ஒப்பந்தம் ஆயிருச்சுங்க.
"நானு ரொக்கமாத் தாரனுங்."

அதற்குத்தான் வந்திருக்கிறார்.